முருங்கைப் போத்தும் விஜயா கல்யாணமும்

அருகன் திருவடி துணை

திருப்பருத்திக்குன்றம்,
ஆனந்த வருஷம் சித்திரை 20,
வெள்ளிக்கிழமை (3-5-1974)

மகாகனம் பொருந்திய மைத்துனர் ஜினதாஸ் நயினார் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை புருஷன் மல்லிநாதன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் தங்கை தனலட்சுமி, மகள் விஜயா மூவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவில் மை நிரப்பினேன். பொய் சொல்வது நமக்கு விலக்கு என்பதால் அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். அவ்விடத்து க்ஷேமத்தையும், அக்காவின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டியது.

மச்சான், நின்றுகொண்டு படித்தால் முதலில் உட்காருங்கள். வைகாசி பதினாறாம் தேதி நடக்க வேண்டிய நம் விஜயா கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. ஜாதகக் கோளாறு இல்லை, சீர் செனத்தியில் குறை இல்லை, யாரும் யாரையும் ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. காரணம் குளோனிங். இந்தச் சொல்லை நீங்கள் மாம்பலத்தில் கேள்விப்பட்டிருக்கிறீர்களோ என்னவோ, இங்கே ஒரு மாதமாக இதைத் தவிர வேறு பேச்சில்லை. வயிறு காய்ந்து கிடக்கிறது, பெண் முகம் வாடிக் கிடக்கிறது, அப்படியும் இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, அவ்வளவு பெரிய சங்கதி இது. ஆகையால் ஆதியிலிருந்து சொல்கிறேன். ஒன்று விடாமல் எழுதவேண்டும் என்பது உங்கள் தங்கையின் உத்தரவும்கூட.

மாப்பிள்ளையாக வரவேண்டிய ஜெயகுமார் சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் பார்த்து முடித்த சம்பந்தம்தானே. நிச்சயதார்த்தம் முடிந்த பத்தாம் நாள் அவர் எனக்கு ஒரு விஞ்ஞான மாதப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார், அதில் குளோனிங் பற்றி அவரே எழுதிய கட்டுரை. நான் எட்டாம் வகுப்போடு ஏர் பிடிக்க வந்தவன். இருந்தாலும் மூன்று தடவை படித்தேன், மூன்றாம் தடவை எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் சொல்லுக்குக் கிரேக்க பாஷையில் சின்னக் கிளை என்று அர்த்தமாம், அதாவது நம் போத்து. ஆணும் பெண்ணும் சேராமல், ஒரே ஒரு உயிரிலிருந்து அச்சு அசலாக இன்னொன்றை உண்டாக்கினால் அதுதான் குளோன். விதை போட்டு முளைத்த மரம் தாயும் தகப்பனும் கலந்த பிள்ளை, அது தாயைப் போல இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் வருகிறதே மரம், அது தாயின் பிள்ளை அல்லவாம், தாயேதானாம்! மச்சான், முப்பத்தைந்து வருஷமாக நான் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். முருங்கை, வாழை, கரும்பு எல்லாம் என் கையால் குளோன் ஆகி நிற்கிறது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று இருந்தது.

இதோடு போகவில்லை. அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி கேரட் கிழங்கிலிருந்து கண்ணுக்கே தெரியாத செல்களைப் பிரித்து, சத்து நீரில் போட்டு, குலுக்கிக்கொண்டே இருந்தாராம். அந்தச் சத்து நீரில் என்ன கலந்திருந்தார் தெரியுமா, இளநீர். அமெரிக்காக்காரனுக்கு இளநீர் எங்கிருந்து கிடைத்தது என்று கட்டுரையில் இல்லை. ஒற்றைச் செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, வேர் விட்டு, இலை விட்டு, முழுக் கேரட் செடியாகிப் பூத்ததாம். இந்த இடத்துக்கு வந்ததும் நான் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே ஓடிவிட்டேன். மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் சமணருக்குக் கூடாது, அதில் ஒரே உடம்புக்குள் எண்ணி முடியாத உயிர் என்று நம் பெரியவர்கள் சொல்லி, நாமும் உருளைக்கிழங்கு வாசனை தெரியாமலே வளர்ந்தோமே, அதை அமெரிக்காக்காரன் சோதனைக் குழாயில் போட்டுக் காட்டிவிட்டான் என்று உங்கள் தங்கையிடம் சத்தமாகப் படித்தேன். அவளுக்கும் சந்தோஷம். அன்று கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன், பிள்ளையார்பாளையத்தில் மளிகைக் கடையில் சொன்னேன், திரும்பி வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி வேகவதி ஆற்றுமணலில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கலியனிடமும் சொன்னேன். மாப்பிள்ளை எழுதியது என்று சேர்த்தே சொன்னேன்.

அத்தோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. கல்யாணச் சமையலுக்குப் பேசின ஆள் வந்து சாமான் பட்டியல் போட்டுவிட்டுப் போன அன்று, சாப்பாட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார். பேச்சுவாக்கில் சொன்னேன், ஒரு துண்டு கிழங்கு முளைத்தால் அது கூடாது என்கிறோம், ஒரு துண்டு கிளை முளைக்கிறதே இது மட்டும் எப்படி என்று. விஞ்ஞான ஆர்வத்தில் கேட்ட கேள்வி. உங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாளிலிருந்து முருங்கை இல்லை, காய் இல்லை, கீரை இல்லை, கொல்லையில் மரம் காய்த்துத் தொங்குகிறது, கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று வாழை போயிற்று. விஜயா ஒவ்வொரு பத்திரிகைக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள், அவள் பெயருக்குப் பக்கத்தில் ஜெயகுமார் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன், ஏனோ அப்போது வாழை ஞாபகம் வந்தது. நாம் சாப்பிடும் வாழைக்கு விதையே கிடையாது, கன்று வைத்துத்தான் வளர்க்கிறோம், நம் கொல்லையில் நிற்கும் மரமெல்லாம் என் தகப்பனார் என்றைக்கோ ஓரிக்கையிலிருந்து கொண்டுவந்த ஒரே வாழைதான், ஐம்பது வருஷமாகச் சாகாமல் நிற்கிறது என்று சொன்னேன். எவ்வளவு ஆச்சரியமான விஷயம், யாரால் சொல்லாமல் இருக்க முடியும். இலை போயிற்று, காய் போயிற்று, பூ போயிற்று, தண்டும் போயிற்று. எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறோம். கல்யாணப் பந்தல் முகப்பில் வாழைமரம் கட்டுவதா வேண்டாமா என்பது நிலுவையில் இருக்கிறது.

பிறகு கரும்பு. கரணை வெட்டி நடுவதுதானே, ஆகையால் வெல்லமும் சர்க்கரையும் போயின, காப்பிக்குப் பனைவெல்லம். பனை கொட்டையிலிருந்து முளைப்பதால் தப்பித்தது. வெற்றிலைக் கொடி போயிற்று. கறிவேப்பிலை வேரிலிருந்து கன்று வெடிக்கிறது என்பதை நானாகச் சொல்லவில்லை, அவள் பறிக்கப் போனபோது சும்மா அந்தக் கன்றைக் காட்டினேன், அவ்வளவுதான். ஒட்டு மாம்பழம் போயிற்று, மச்சான், சித்திரை மாதத்தில். கூடையில் பழம் கமகமவென்று இருக்கிறது, நான் அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன். மிச்சம் இருப்பது நெல், பருப்பு, அவரை, கொத்தவரை. இருபது நாளாகக் கொத்தவரங்காய். கொத்தவரங்காய்ப் பொரியல், கொத்தவரங்காய்க் கூட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கொத்தவரங்காயில் என்னவோ ஒன்று, பெயர் தெரியவில்லை. பொழுது சாயுமுன் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டிய வீட்டில் நான் நாலு மணிக்கே கை கழுவிவிடுகிறேன். உங்கள் தங்கையின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா.

இதற்கு நடுவில் ஒருநாள் கூறைப் புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் பிள்ளையார்பாளையம் போனேன். நம் வீட்டுக்கு வழக்கமாக நெய்கிற திருஞானசம்பந்தம் தறியில்தான் ஓடுகிறது. (பட்டுப்புழு பேச்சை மட்டும் நம் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. காஞ்சிபுரத்து மண்ணில் பிறந்து அந்தப் பேச்சை எடுத்தால் பெண்ணுக்கு எதைக் கட்டி மணையில் உட்கார வைப்பது.) அரக்கு உடல், பச்சைக் கரை, முந்தானையில் அன்னம். பார்த்ததும் இரண்டு மூன்று தடவை இருமிவிட்டேன், பாவு நூல் தூசியாக இருக்கும். பேச்சை மாற்றுவோம் என்று அவருக்குத் தவளைச் சங்கதியைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஒருவர் தவளை முட்டை ஒன்றை எடுத்து, அதன் உட்கருவை ஒளிக்கதிர் பாய்ச்சி அழித்துவிட்டு, ஒரு தலைப்பிரட்டையின் குடலிலிருந்து ஒரு செல்லை எடுத்து அதன் உட்கருவை அந்த முட்டைக்குள் வைத்தாராம். குடலாக இருந்த செல், மச்சான், சோறு ஜீரணிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத செல், அதற்குள் முழுத் தவளைக்கும் உண்டான திட்டம் இருந்திருக்கிறது. முட்டை தவளையாயிற்று, குடல் கொடுத்த தலைப்பிரட்டையின் அச்சு. முக்கால்வாசி முட்டை வீணாகப் போய் ஒன்றிரண்டுதான் பிழைத்தன என்றும் எழுதியிருக்கிறது. அந்தத் தவளைகளை நினைத்து நான் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தேன், கொத்தவரங்காய் நாளானதால் பெரிய சிரமமில்லை.

திருஞானசம்பந்தம் ஊடை நூல் ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டுத் தறிக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"இந்த அட்டைலதான் நயினாரே அன்னம், கொடி எல்லாம் ஓட்டையா இருக்குது. இத்தக் கழட்டி எதிர் வீட்டுத் தறில மாட்டினா, அவன் தறில என் அன்னம் வரும். தறிதான் முட்ட, அட்டதான் நீங்க சொல்ற கரு. அதானே?"

அதேதான். ஜெயகுமார் பன்னிரண்டு பக்கத்தில் எழுதியதை இந்த மனுஷர் தறிக்குழியில் உட்கார்ந்தபடி இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அந்த வேகத்தில் இன்னொன்றும் கேட்டேன். இதே அட்டையில் இதே மாதிரி இன்னொன்று போட முடியும் அல்லவா, ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம் அல்லவா என்று. அவர் புடவையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாரா, வேறெதையோ நினைத்தாரா தெரியவில்லை, சிரிக்காமல் பதில் சொன்னார்.

"அட்ட ஒன்னுதான். பாவும் ஒன்னுதான். ஒரே பாவுல மூணு பொடவ நெய்யறேன், மூணும் ஒன்னா இருக்காது நயினாரே. அன்னிக்கிக் கை எப்படி இருக்குதோ, காத்துல ஈரம் எப்படி இருக்குதோ. கட்டிக்கினவங்களுக்குத் தெரியாது, நெய்தவனுக்குத் தெரியும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் மல்லிகைக் கொடியைப் பதியம் போட்டுத்தான் வளர்க்கிறோம் என்று சொல்லிவிட்டேன். மல்லிகை போயிற்று. விஜயா தலையில் இப்போது கனகாம்பரம், அது விதையில் முளைப்பது, வாசனைதான் கிடையாது.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் ஜ்வாலாமாலினி அம்மாள், தாலிக்கொடி அளவு கேட்டுக்கொண்டு போகலாம் என்று சைதாப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். முன்னே ஒரு கடுதாசி இல்லை. அந்த அம்மாளை எவர்சில்வர் தட்டின் முன் உட்கார வைத்தோம். இலை எங்கே என்று வாயால் கேட்கவில்லை, கொல்லைப்பக்கம் வாழைத்தோப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். சாம்பாரில் கறிவேப்பிலை இல்லை. காய் என்ன என்று உங்களுக்கே தெரியும். பனைவெல்லம் போட்டதில் காப்பிப் பால் திரிந்து போயிருந்தது. மாம்பழ வாசனை வீடு முழுக்க அடிக்கிறது, மாம்பழம் வரவில்லை. நான் குளோனிங்கை விளக்கினேன், தவளை வரைக்கும் போனேன், சாப்பிடும்போது தவளை வேண்டாம் என்று விஜயா கண்ணைக் காட்டினாள், நான் பார்க்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் கிளம்பும்போது உங்கள் தங்கை தாம்பாளம் எடுத்து வந்தாள். வெற்றிலை இல்லாத வெறும் கொட்டைப்பாக்கு, ஒரு தேங்காய், கனகாம்பரம், குங்குமம், நாலு கொம்பு மஞ்சள். சம்பந்தியம்மாள் முந்தானையை ஏந்திவிட்டார். அப்போது, மச்சான், என் வாயிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது: மஞ்சளும் கிழங்குதானே.

உங்கள் தங்கை தாம்பாளத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தாம்பாளத்தைப் பார்க்கவில்லை, சம்பந்தியையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சம்பந்தியம்மாள் ஏந்திய முந்தானையை மெதுவாக இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மஞ்ச குடுக்கவே மனசு வராத வீட்ல, பொண்ணு குடுக்க மனசு எங்கேர்ந்துமா வரும்? இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. வர்ற திங்கக்கெழமைக்குள்ள ஒரு பதில் வரட்டும்."

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன் என்று எழுத ஆசைதான், குடை அவர் கையில் இருந்தது. விஜயா எவர்சில்வர் தட்டுகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, உங்களுக்கு அவரப் புடிக்கலையா?" என்று கேட்டாள். பிடிக்காமல் என்ன, தங்கமான பிள்ளை, அவர் எழுதிய கட்டுரையை ஊர் முழுக்கப் படித்துக் காட்டியவன் நான். அதைத்தான் சொன்னேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், கண் சிவந்திருந்தது, எனக்கு அன்று கொத்தவரங்காய்கூட இறங்கவில்லை.

புதன்கிழமை ஜெயகுமார் வந்தார், வீட்டில் சொல்லாமல், தாமாகவே. என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இவர் வாயால் சொன்னால் உங்கள் தங்கை கேட்பாள் என்று நம்பினேன். அவரும் தரையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். குளோன் என்பது பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை, இயற்கை பண்ணிக்கொண்டிருப்பதுதான், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கிற இரட்டைப் பிள்ளைகளே ஒன்றுக்கொன்று குளோன்தான் என்றார். அதுவரைக்கும் நன்றாக இருந்தது. அத்தோடு நிறுத்தக்கூடாதா? கிழங்கு, கிளை என்று மட்டும் இல்லை அத்தை, உயிரோடு இருக்கிற செடியில் எந்தச் செல்லுக்குள்ளும் முழுச் செடிக்கு வேண்டிய திட்டம் இருக்கிறது, நெல்லுக்கும் அவரைக்கும் அப்படித்தான், அதையும் ஒருநாள் வளர்த்துக் காட்டிவிடுவார்கள் என்றார். உங்கள் தங்கை எழுந்து போய் உலையை இறக்கி வைத்தாள். கொத்தவரங்காயும் போயிற்று, மச்சான். நான் அதைத் திட்டினதெல்லாம் வாபஸ்.

அவரைப் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். போகும் வழியில் விஞ்ஞான விஷயமாக ஒரு சந்தேகம் கேட்டேன், முழுக்க முழுக்க விஞ்ஞானம்தான், வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம். தவளைக்குச் செய்ததை மனுஷருக்குச் செய்தால், ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம், யாரோ ஒரு பெண், அவள் கட்டிக்கொடுத்த இடத்துக்கும் போய்விட்டு, அதே நேரத்தில் அவளே பிறந்த வீட்டிலும் இருக்கும்படி ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமா, மனுஷங்களுக்கு இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. செஞ்சாலும் அது கொழந்தையாத்தான் பொறக்கும். நீங்க திரும்பவும் தொட்டில் கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, இருவத்திரெண்டு வருஷம் வளக்கணும். அப்புறம் அதுக்கும் ஒரு மாப்பிள்ள தேடணும். அதுவும் பாக்க விஜயா மாதிரிதான் இருக்கும், விஜயாவா இருக்காது."

நான் விஜயா பெயரையே எடுக்கவில்லை, யாரோ ஒரு பெண் என்றுதான் சொன்னேன், அவராக எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் சும்மாவா. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

நேற்று நான் உங்கள் தங்கையிடம் கேட்டேவிட்டேன், இப்படியே போனால் கல்யாணத்தில் எதைச் சமைப்பது, எதில் பரிமாறுவது, மஞ்சள் இல்லாமல் தாலிக்கயிறு ஏது, நீ என்னதான் நினைத்திருக்கிறாய் என்று. அவள் நிதானமாக, எங்கண்ணனுக்கு எழுதுங்க, மொதல்லேர்ந்து எழுதுங்க, ஒன்னு வுடாம எழுதுங்க, அண்ணன் சொல்றபடி கேக்கறேன் என்றாள். ஆகவே இந்தக் கடிதம். கடிதம் கண்டவுடன் நீங்கள் புறப்பட்டு வரவேண்டியது. ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் என்று பேச்சு அடிபடுகிறது, பஸ்ஸிலேயே வாருங்கள். வந்து உங்கள் தங்கையை உட்கார வைத்து, முருங்கை ஆகும், வாழை ஆகும், வெல்லம் ஆகும், வெற்றிலை ஆகும், மல்லிகை ஆகும், மஞ்சள் ஆகும், நெல் கட்டாயம் ஆகும் என்று அண்ணனாக அடித்துச் சொல்லவேண்டும். பெண்ணின் கல்யாணத்தை ஒரு தாயார் இப்படிப் பிடிவாதத்தால் கெடுக்கலாமா என்று கேளுங்கள். நான் கேட்டால் எடுபடாது. பிறகு நாம் இருவரும் சைதாப்பேட்டை போய்ச் சம்பந்தியம்மாளைச் சமாதானம் செய்யலாம். திங்கட்கிழமை கெடு, மறக்கவேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், சகல உயிர்களும் சுகமாயிருக்க, அவற்றில் நம் வீட்டு உயிர்கள் மூன்றும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க அருகனைப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
அ. மல்லிநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும்.

நடந்தது இது. உங்கள் தங்கை கையெழுத்து அழகாக இருக்கும் என்று உறையில் விலாசம் எழுதச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதுவதற்கு முன்னால் கடிதத்தை எடுத்து, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, முருங்க ஆவாதுன்னு நானா சொன்னேன்?"

இல்லை என்றேன்.

"வாழ?"

இல்லை.

"கறிவேப்பில கன்ன யாரு வந்து காட்டினாங்க? மல்லி? நான் அந்தப் பொஸ்தகத்தத் தொட்டதுகூட இல்ல. நீங்க ஒன்னொன்னா சொல்லிக்கினே வந்தீங்க, நான் ஒன்னொன்னா எடுத்துவெச்சேன். எங்கதான் போய் நிக்கிறாருன்னு பாக்கலாம்னு. மஞ்சகிட்ட வந்து நின்னீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சி. பொண்ண அனுப்ப மனசில்லன்னா அதச் சொல்லிட்டு அழுங்க. எனக்கும்தான் இல்ல. மரம் மட்டமேல எல்லாம் ஏன் பழி போடறீங்க?"

மச்சான், நான் இந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படித்துப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது, அவள் சொன்னபடிதான் இருக்கிறது. பட்டியல் போட்ட அன்று முருங்கை, கல்யாணப் பத்திரிகை வந்த அன்று வாழை, கூறைப் புடவை பார்த்த அன்று மல்லிகை. ஒன்று விடாமல் எழுது என்று அவள் ஏன் சொன்னாள் என்று அப்போதுதான் விளங்கிற்று. நான் கொஞ்ச நேரம் அந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னபடி செய்தேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் மை கலைந்திருப்பது அதனால்தான், மழை கிடையாது.

பிறகு எழுந்து போய் நானே மூன்று நுனி இலை அறுத்து வந்தேன், முருங்கைக்காய் பறித்து வந்தேன். மத்தியானம் முருங்கைக்காய்ச் சாம்பார், வாழைப்பூ வடை, வெல்லப் பாயசம், ஆளுக்கு இரண்டு மாம்பழம். விஜயா என் இலையில் மூன்றாம் தடவை சாம்பார் ஊற்றும்போது சிரித்துவிட்டாள். ஆகவே நீங்கள் புறப்பட்டு வரவேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, மல்லிகை, ஒரு கூடை மாம்பழம், ஒரு கட்டு வாழையிலை எல்லாம் உங்கள் தங்கை கட்டி வைத்துவிட்டாள். உங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு நாம் இருவரும் சைதாப்பேட்டை போய்ச் சம்பந்தியம்மாள் முந்தானையில் அதைக் கொட்டிவிட்டு, என் வாயாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவோம். தபாலைவிட நான் முந்தி வந்துவிடுவேன் என்பதால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தயவுசெய்து படிக்கவேண்டாம். கல்யாணத்தன்று அவளை ஏற்றி அனுப்பும்போது மட்டும் நீங்கள் என் பக்கத்தை விட்டு நகரக்கூடாது.

இன்னொரு விஷயம். சாப்பிட்டுக் கை கழுவியதும் விஜயா என்னைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போய், நம் முருங்கையில் ஒரு போத்து வெட்டித் தரச் சொன்னாள். சைதாப்பேட்டை வீட்டுக் கிணற்றடியில் இடம் இருக்கிறதாம், போனதும் நட்டுவிட வேண்டுமாம். அங்கே வந்தாலும் அது இதே மரம்தானே அப்பா, நீங்கதானே சொன்னீங்க என்றாள். நல்ல கை கனத்துக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், நாலு முழம் வரும். கல்யாணம் முடிந்து அவளோடு அனுப்பும்போது பஸ்ஸில் அதை மேலே போடச் சொன்னால் நுனி காய்ந்துவிடும், உள்ளே வைத்துக்கொண்டால் கண்டக்டர் சண்டைக்கு வருவான். அதற்கும் தனியாக ஒரு டிக்கெட் வாங்கிவிட்டால் ஒப்புக்கொள்வானா என்று உங்கள் பக்கத்து டிப்போவில் விசாரித்து வைக்கவும்.